செய்த வேலையின் முடிவைக் காணும் இடம் கிராமமே

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் பொருட்படுத்தாமல் வெள்ளவத்தைக்கு வந்து இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

“பணிபுரிவோருக்கு மனநிறைவு தருவது நகரமா, கிராமமா?” என்பது இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் வினா. கிராமமே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கிராமத்தில் வசதி இல்லை, வாய்ப்பு இல்லை, நமக்கென்று ஓர் அந்தரங்கம் இல்லை என்று மூன்று இல்லைகளை அழகாக அடுக்கினார். கிராமத்துக்கு இடமாற்றம் பெற்றவர்கள் பொறுப்பேற்ற கையோடு கொழும்புக்குத் திரும்பும் விண்ணப்பத்தை எழுதத் தொடங்குகிறார்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னவற்றில் உண்மை உண்டு. உரிய இடத்தில் அதை ஒப்புக்கொள்வேன். ஆனால் நடுவர் அவர்களே, வினா வசதியைப் பற்றியதன்று. குளிரூட்டிய அறையில் இருந்து செய்த வேலை மனத்தை நிறைக்காமல் போவதும், மின்விசிறி கூட ஓடாத கந்தோரில் செய்த வேலை மனத்தை நிறைத்துவிடுவதும் இந்த அவையில் உள்ள எத்தனையோ பேர் அறிந்த செய்திதான். தான் செய்த வேலை யாருக்கு, எதற்கு, எப்படிப் பயன்பட்டது என்பதைக் கண்ணால் காண்பவருக்கே மனம் நிறையும் என்பது எங்கள் அணியின் நிலைப்பாடு. அந்தக் காட்சியைக் கிராமம் தருவதுபோல் நகரம் தருவதில்லை.

இதை ஏதோ ஒரு மூலையில் வாழும் சிலரைப் பற்றிய பேச்சாக யாரும் எண்ணிவிட வேண்டாம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இந்நாட்டு மக்களில் 77.4 வீதத்தினர் கிராமங்களிலும் 4.4 வீதத்தினர் தோட்டங்களிலும் வாழ்ந்தனர், நகரவாசிகள் 18.2 வீதத்தினரே. ஆசிரியரோ மருத்துவமாதோ கிராம உத்தியோகத்தரோ வங்கி ஊழியரோ, இந்நாட்டில் மக்கள் சேவை என்று எதைச் செய்தாலும் அதன் பெரும்பகுதி கிராமத்தில்தான் நடந்தாக வேண்டும்.

நான் வங்கி ஊழியர். இப்போது கொழும்பில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்கு அண்மையில் உள்ள ஒரு கிளையில், அடகுப் பகுதியில் பணிபுரிகிறேன். அதற்கு முன்னர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்று வழங்கும் நிலப்பகுதியில், ஒரு சிறிய கிளையின் அடகுப் பகுதியில் இருந்தேன். இரண்டு இடத்திலும் அதே உரைகல், அதே தராசு, அதே அடகுச்சீட்டு, அதே விதிமுறைகள். மாறியது இடம் மட்டுமே. ஆகவே எதிரணித் தலைவரைப்போல் கேள்விப்பட்டதைக் கொண்டு அல்லாமல், ஒரே வேலையை இரு கரைகளிலும் செய்தவள் என்ற உரிமையோடு இதைச் சொல்கிறேன்.

படுவான்கரையில் பெரும்போக விதைப்பு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நடைபெறும். புரட்டாதிக் கடைசியிலேயே எங்கள் கருமபீடத்தின் முன் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். உழவு இயந்திரக் கூலி, விதைநெல், பசளை, களைநாசினி என்று கையில் உள்ள காசெல்லாம் நிலத்துக்குள் இறங்கும் காலம் அது. அந்தக் காசு திரும்பி வருவதற்கோ மாசி, பங்குனி ஆக வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் குடும்பத்தையும் வயலையும் தாங்கிப் பிடிப்பது வீட்டுப் பெண்ணின் நகைதான். தாலிக்கொடியைத் தவிர மற்றவை வரும். நெருக்கடி முற்றினால் தாலிக்கொடியும் வரும். பல ஆண்டுகளாகக் கழற்றாத காப்பைக் கழற்றிய கையில், மணிக்கட்டைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தெரியும். அந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டுதான் அவர்கள் அடகுச்சீட்டைப் பெற்றுக்கொள்வார்கள்.

மாசிக் கடைசியில் அதே பெண்கள் மீண்டும் வருவார்கள். நெல் விற்ற காசைக் கட்டி, சீட்டைக் கொடுத்து, காப்பைக் கையில் வாங்கியதும் அதை வீடுவரை கொண்டுபோகும் பொறுமை எவருக்கும் இருக்காது. விரல்களைக் குவித்து, சவர்க்கார நுரை தடவி, விரல் மூட்டுகளைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே அணிந்துகொள்வார்கள். அதற்காகவே ஒரு சவர்க்காரத் துண்டும் ஒரு செம்பு தண்ணீரும் அடகுப் பகுதியின் மூலையில் எப்போதும் இருக்கும். எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாத ஏற்பாடு அது. எனக்கு முன் அங்கிருந்தவர் வைத்தார், நான் தொடர்ந்தேன். காப்பு ஏறியதும், “மிஸ், இந்தமுறை ஏக்கருக்கு முப்பது மூடை கண்டிருக்கு” என்று சொல்லும்போது அந்த முகத்தில் தெரியும் நிறைவில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் உணர்ந்தேன். நான் எடைபோட்டு, உரைத்துப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்த பணம் விதையாகி, பயிராகி, நெல்லாகி, மீண்டும் காப்பாகி அந்தக் கைக்கே திரும்பியதை ஆறு மாதத்துக்குள் முழுமையாகப் பார்க்கிறேன். செட்டியார் தெருவிலும் நான் அதே கவனத்தோடுதான் எடைபோடுகிறேன். நாளொன்றுக்கு என் கையால் கடந்துபோகும் தங்கம் இங்கே பன்மடங்கு அதிகம். ஆனால் அந்தப் பணம் மகளின் படிப்புக்குப் போனதா, கடையின் முதலாயிற்றா, வாடகைக் கடனைத் தீர்த்ததா என்பதை நான் அறியேன். அறியும் வழியும் எனக்கில்லை. வாடிக்கையாளர் இயந்திரம் கொடுத்த எண்ணோடு வருகிறார், அந்த எண் திரையில் தோன்றியதும் எழுந்து வருகிறார், போய்விடுகிறார். அவர் குறையுள்ள மனிதர் அல்லர். நானும் கடமையில் குறை வைப்பதில்லை. நகரத்தின் அமைப்பு அப்படி.

கிராமத்தில் வேலையின் நாட்காட்டியை எழுதுவது தலைமைக் காரியாலயம் அன்று, குளம். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறும். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கீழ் எத்தனை ஏக்கர் செய்கை பண்ணுவது, எந்த நாளில் வாய்க்காலில் தண்ணீர் திறப்பது, விதைப்புக்குக் கடைசி நாள் எது, மாடுகளை வயல்வெளியிலிருந்து எந்த நாளுக்குள் அப்புறப்படுத்துவது என்பவற்றையெல்லாம் கமக்காரரும் அரச உத்தியோகத்தரும் நேருக்கு நேர் உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். வங்கிப் பிரதிநிதிகளுக்கும் அங்கே இடம் உண்டு. ஒரு முறை முகாமையாளருடன் நானும் சென்றிருந்தேன். குளத்தின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் அறிவித்ததும், கடைமடையில் வயல் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் எழுந்து, தலைமடைக்காரர் இரவில் மதகைத் திறந்து வைத்தால் தன் வரம்புக்கு ஒரு துளியும் வராது என்பதை எவரையும் பெயர் சுட்டாமல், எவர் மனமும் நோகாமல், ஆனால் கேட்டவர் அத்தனை பேருக்கும் விளங்கும்படி சொன்ன அழகை நான் வேறெந்தக் கூட்டத்திலும் கண்டதில்லை. அன்று குறித்த திகதியை வைத்தே எங்கள் கிளையின் ஆண்டு ஓடியது. தண்ணீர் திறந்த அன்று கருமபீடம் வெறிச்சோடும். மறுநாள் மழை பெய்தால் எல்லாரும் ஒன்றாக வருவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை எதிரணியினர் ஒழுங்கின்மை என்பார்கள். ஊரின் உழைப்போடு நம் உழைப்பும் ஒரே தாளத்தில் நடப்பதை நான் ஒழுங்கு என்றே சொல்வேன்.

மார்கழி, தை மாதங்களில் கதிர் பால்பிடிக்கும் காலத்தில் யானைகள் வயலுக்குள் இறங்கும். ஆண்கள் பரணில் விழித்திருந்து, யானைவெடி கொளுத்தி, தீப்பந்தம் காட்டி இரவைக் கழித்துவிட்டு, காலையில் அப்படியே வங்கிக்கு வருவார்கள். வாங்கில் அமர்ந்த மாத்திரத்தில் உறங்கிப்போனவரை எவரும் எழுப்புவதில்லை. அவருடைய முறை வந்ததும் பின்னால் இருப்பவர், “அவர் கிடக்கட்டும், ராமுழுக்கக் காவல்” என்று சொல்லி, தாமும் முன்னால் வராமல் அவருடைய இடத்தைக் காத்து நிற்பார். வரிசையைக் காக்கப் பாதுகாப்பு ஊழியர் தேவைப்படாத வங்கியில் பணிபுரிந்த பேறு எனக்குக் கிடைத்தது, நடுவர் அவர்களே.

இனி, எதிரணித் தலைவர் மிக அழுத்திச் சொன்ன அந்தரங்கத்துக்கு வருகிறேன். கிராமத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்றார். ஆம், தெரியும். நான் தங்கியிருந்த வீட்டுப் பெத்தா, அதாவது பாட்டி, நான் எத்தனை மணிக்கு விளக்கணைத்தேன் என்பதையும், என் தாயார் தொலைபேசியில் என்ன சொன்னார் என்பதையும், எனக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்பதையும் விசாரிப்பார். எனக்குக் காய்ச்சல் கண்ட செய்தி நான் விடுமுறைக் கடிதம் எழுதும் முன்னரே கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. மதியத்துக்குள் கொத்தமல்லிக் குடிநீரும் கஞ்சியும் என் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தன. இவற்றைத் தொல்லை என்று கருதுவோர் கருதலாம். ஆனால் தெரிந்திருப்பதும் பறைசாற்றுவதும் ஒன்றல்ல. கல்யாண வீட்டுக்கு அழைத்திருப்பார்கள். மணப்பெண்ணின் சிறியதாயார் கழுத்து நிறைய மின்னும் நகைகளோடு பந்தி விசாரிப்பார். அவருடைய உண்மையான பவுண்கள் எங்கள் இரும்புப் பெட்டகத்தில் உறை போட்டு இருப்பதை நான் அறிவேன். நான் அறிவேன் என்பதை அவரும் அறிவார். அவர் என் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றுவார். நான் அவருடைய சேலையின் நிறத்தைப் புகழ்வேன். அந்த ஊரில் வங்கி ஊழியர் காக்கும் இரகசியம் சட்டம் விதித்த கடமையையும் கடந்தது. ஒருவரை ஒருவர் தலைநிமிர்ந்து வாழவிடும் நாகரிகம் அது. நகரத்து அந்தரங்கத்தைக் கதவும் பூட்டும் காக்கின்றன. கிராமத்தில் அதை மனிதர் காக்கிறார்கள்.

ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதே கிராமத்துக் கடனின் அடித்தளமும் ஆகும். 1911இல் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தபோது, காட்டுவதற்கு நகையோ காணி உறுதியோ இல்லாத கமக்காரருக்கும் அயலவரின் நம்பிக்கையைப் பிணையாகக் கொண்டு கடன் கொடுக்கலாம் என்ற எண்ணமே அதன் உயிராக இருந்தது. அந்த எண்ணம் இன்றும் படுவான்கரையில் வாழ்கிறது. தவணை தவறிய நகையை ஏலத்துக்கு விடுமுன் பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்புவது விதி. நகரத்தில் அறிவித்தல் போகும், பதில் வராது, நகை ஏலம் போகும். அங்கே அறிவித்தலை அனுப்பிய பின்னரும், கோயிலிலோ கடையிலோ அந்தக் குடும்பத்தவரைத் தனியே கண்டு, “அம்மா, ஒருக்கா வந்து போங்க” என்று மட்டும் சொல்லிவைப்போம். அவர் வந்து வட்டியையாவது கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்வார். பாட்டியின் பதக்கம் ஒன்று இப்படிக் கடைசிக் கிழமையில் தப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கி ஊழியர் வாடிக்கையாளரிடம் பரிசு பெறலாகாது என்பது எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான விதி. ஆனால் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவர் எருமைத் தயிர்ச்சட்டியோடு வந்து நிற்கும்போது மறுத்து அனுப்பினால், அவர் அடுத்த முறை வாசற்படி ஏறமாட்டார். எங்கள் முகாமையாளர் சந்தை விலையைக் கொடுத்தே வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். தயிர் கொண்டுவந்தவர் அந்தக் காசை வாங்கி, எண்ணிப் பார்க்காமல், கருமபீடத்தில் இருந்த கோயில் அன்னதான உண்டியலில் போட்டுவிட்டுப் போனார். விதியும் பிழைத்தது, அவருடைய மனமும் பிழைத்தது.

அறுவடை முடிந்ததும் ஊரே கலைக்குத் திரும்பும். கூத்தாசிரியரான அண்ணாவியார் வடமோடி எனும் மரபுக் கூத்தைப் பழக்கத் தொடங்குவார்; சதங்கை அணி விழா நடக்கும்; பின்னர் ஒரு நாள் வட்டக்களரி எனும் வட்ட அரங்கில் விடியவிடிய அரங்கேற்றம் நடக்கும். வங்கியில் கையொப்பம் வைக்கும் இடத்தைக் கூடக் கேட்கத் தயங்கி, மெல்லிய குரலில் பேசும் ஓர் இளைஞர் தருமராக முடிதரித்துக் களரிக்குள் நுழைந்து, மத்தளத்துக்கு ஈடாகக் குரலெடுத்துப் பாடியபோது நான் அவரை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். மறுநாள் அவர் தொண்டை கட்டிய குரலோடு பணம் வைப்பிலிட வந்தார். கருமபீடத்தின் எதிரே நிற்பவரின் முழு உருவத்தை நகரம் நமக்குக் காட்டுவதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறந்தால் நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை ஊரில் வேறு பேச்சே இராது. அந்த நாட்களில் மேலதிகாரி, ஊழியர், கடனாளி என்ற பேதமின்றி எல்லாரும் ஒரே வாசலில் நிற்போம்.

இன்பத்தை மட்டும் சொல்லித் துன்பத்தை மறைப்பதாக எதிரணியினர் குற்றஞ்சாட்டக்கூடும். ஆகையால் 2021ஆம் ஆண்டைச் சொல்கிறேன். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோதோ பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. கடைகளில் பசளை இல்லை, கிடைத்த இடத்தில் விலை எட்டவில்லை. தை மாதத்தில் வயல்கள் மஞ்சளித்து நின்றதை நானே சென்று பார்த்தேன். அந்த மாசியில் சவர்க்காரத் துண்டுக்கு வேலை இருக்கவில்லை. காப்பை மீட்க வந்தவர்களை விட, இன்னொரு காப்பையும் வைக்க வந்தவர்களே அதிகம். அவர்களில் சிலருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நான் தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காலம் என் மனத்தை வருத்தியது. ஆயினும், வருந்தத் தெரிந்த அளவுக்கு நான் அவர்களை அறிந்திருந்தேன் என்பதே என் பணிக்கு ஒரு பொருளைத் தந்தது. 2022இல் எரிவாயுவும் எரிபொருளும் இன்றிக் கொழும்பில் என் பெற்றோர் வரிசையில் நின்ற நாட்களில், பசளையின்றி விளைச்சல் இழந்த அதே மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் விறகையும் பெத்தாவின் வீட்டில் எனக்காக இறக்கிவைத்தார்கள். யார் வைத்தது என்று கேட்டால் பெத்தா சொல்லமாட்டார்.

வசதிக் குறைவை ஒப்புக்கொள்வதாக முன்னர் சொன்னேன்; ஒப்புக்கொள்கிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின்னர் வாவியைக் கடப்பது எளிதாகிவிட்டது என்றாலும், இன்றும் சில துறைகளில் பாதை எனும் மிதவையையே மக்கள் நம்பியிருக்கிறார்கள். இரவில் நோய் முற்றினால் பெரிய வைத்தியசாலை தொலைவு. பிள்ளைகள் உள்ள ஊழியருக்குப் பாடசாலைக் கவலை உண்டு. இவை தீர்க்கப்பட வேண்டிய குறைகள். தீர்க்க வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அந்தக் குறைகளைக் காட்டி, அங்கே செய்யும் வேலையில் நிறைவில்லை என்று முடிவுகட்டுவது தவறு.

வாய்ப்பு இல்லை என்ற வாதத்துக்கு மட்டும் உடன்படமாட்டேன். பெரிய கிளையில் ஒருவர் ஒரு மேசையில் பல ஆண்டுகள் இருப்பார். கணக்கு ஆரம்பிப்பவருக்குக் கடன் தெரியாது, கடன் பார்ப்பவருக்கு அடகு தெரியாது. கிராமக் கிளையில் ஊழியர் சிலரே என்பதால் காசாளரின் வேலையையும் கடன் விண்ணப்பப் பரிசீலனையையும் வயல் பார்வையையும் நானே செய்தேன். வரம்பில் நடந்து, பயிரைப் பார்த்து, இந்த மண்ணுக்கு இவ்வளவு கடன் தாங்கும் என்று மதிப்பிட எனக்குக் கற்றுத்தந்தவர்கள் கமக்காரர்கள். பதவி உயர்வுக்கான நேர்முகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அங்கே கற்றதைக் கொண்டே விடை சொன்னேன்.

நடுவர் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் எதிரணி நண்பர் புறக்கோட்டையில் கடன் பிரிவில் உயர்ந்த பொறுப்பில் இருப்பவர், திறமையானவர் என்பதை இந்த அவை அறியும். அவரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டு அமர்கிறேன். சென்ற ஆண்டு தாங்கள் கையொப்பமிட்டு அங்கீகரித்த கடன்களில் ஏதேனும் ஒன்றை எடுத்து, அதைப் பெற்றவர் இப்போது எப்படி இருக்கிறார், அந்தப் பணம் அவர் வீட்டில் என்ன செய்தது என்பதை இந்த மேடையில் சொல்லுங்கள். கோப்பில் இருப்பதை அல்ல, கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். சொன்னால், என் வாதத்தை இங்கேயே மீளப் பெற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.